சுத்தம் செய்த நாள்

ஜூன் 2

இன்றோடு அறுபது நாள் இருக்கிறது. ஜூலை 31 பிற்பகலில் நான் ஓய்வு பெறுகிறேன். ஓய்வூதியப் பிரிவு கேட்டிருக்கும் படிவங்கள் பதினேழு. அவற்றில் ஒன்றுதான் முக்கியம்: 'மேற்படி அலுவலர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை.' மற்ற பதினாறும் அதற்குப் பக்கவாத்தியம்.

பொதுமக்களுக்கு இது தெரியாது. எங்களில் ஒருவரைத் தண்டிப்பதென்றால் பணிக்காலம் முழுவதும் விட்டுவைத்து, கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு ஓர் உறையை அனுப்புவார்கள். ஓய்வுபெற அனுமதி இல்லை என்று அதில் இருக்கும். எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் மாலை போட்ட கழுத்தோடு அந்த உறையைப் பிரித்தார். பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். ஆறு ஆண்டுகளாக அவர் ஓய்வு பெறவும் இல்லை, வேலையில் இருக்கவும் இல்லை.

ஆகவே இந்த நாட்குறிப்பு. அறுபது நாளும் நான் என்ன செய்தேன் என்பதற்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கட்டும்.

ஜூன் 4

பணி நிறைவு விழாவுக்கு மலர் போடுகிறார்கள். என் வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதித் தரவேண்டுமாம். "நாங்க எழுதுனா கொறைச்சலாப் போயிரும் சார்" என்றார் உதவிப் பொறியாளர் இளங்குமரன். நியாயம்தான்.

எழுதியது: 'வேலங்கரை ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் திரு. பரமகுரு அவர்கள் முப்பத்தாறு ஆண்டுகள் மக்கள் சேவையையே மூச்சாகக் கொண்டவர்.' இதற்கு மேல் ஓடவில்லை.

ஜூன் 6

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் குடிநீர்த் தொட்டிகளைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தூணில் 'சுத்தம் செய்த நாள்' என்று பெயிண்டில் எழுதி, படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடவேண்டும். என் சுற்றறிக்கைதான். ஒன்றியத்தில் 143 தொட்டிகள். நேற்று 143 படங்கள் வந்தன. மூன்று ஊராட்சிகளின் படங்களில் ஒரே காகம் ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. காகம் பறக்கக்கூடியது என்பதால் மறுப்பதற்கில்லை.

142 தொட்டிகளில் 5.6 என்று இருக்கிறது. முள்ளியேந்தல் வடக்குக் குடியிருப்பில் மட்டும் 20.11. போன நவம்பர். எழுத்து மங்கியிருந்ததால், மறுபடி அதே நவம்பரின் மேல் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறாள் அந்தத் தொட்டியின் ஆபரேட்டர்.

ஜூன் 9

கலெக்டரின் ஆய்வுக் கூட்டம். நம் ஒன்றியம் 99.3 விழுக்காடு. மீதி 0.7 என்ன என்று கேட்டார். முப்பத்தாறு ஆண்டில் என்னை யாரும் 0.7 பற்றிக் கேட்டதில்லை.

திரும்பியதும் முள்ளியேந்தல் ஆபரேட்டருக்கு மெமோ சொன்னேன். 'தங்கள் தொட்டியின் தேதி பிற தொட்டிகளின் தேதியுடன் முரண்படுகிறது. உடனடியாகத் தேதியைச் சரிசெய்து படம் அனுப்பவும்.' தட்டச்சு செய்த பிரிவு எழுத்தர் லூர்துமேரி தலை தூக்காமல் கேட்டாள்:

"தேதிய சரிசெய்யணுமா சார், தொட்டிய சுத்தம் செய்யணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"சரி சார்."

பச்சை மையில் கையெழுத்திட்டேன்.

ஜூன் 13

ஆபரேட்டர் நேரிலேயே வந்துவிட்டாள். பெயர் பூமயில், ஐம்பது வயதிருக்கும். புருஷன் பார்த்த வேலை. அவன் பாம்பு கடித்துச் செத்தபிறகு இவளுக்கு வந்தது. பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்ததாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

"அய்யா, ஏணி துருப்பிடிச்சு பாதியில அத்துப்போச்சு. நவம்பர்ல நான் ஏறையில மூணு படி கையோட வந்துருச்சு. அதுக்குப் பெறகு ஏறல. ஏறாம எப்படிங்கய்யா தேதி போடுறது?"

"மத்த நூத்தி நாப்பத்திரண்டு பேரும் போடுறாங்களே?"

"அவுக தொட்டியில ஏணி இருக்கும்ங்கய்யா."

இளங்குமரன் சிரித்தார். "எங்கம்மா இருக்கு? பாதித் தொட்டிக்குக் கெடையாது. எல்லாரும் உன்னய மாதிரியா மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறாக?"

"அப்ப அவுகளும் ஏறலையா?"

வெகுளியாகத்தான் கேட்டாள். பதில் சொல்லவேண்டிய கேள்வியாக யாருக்கும் தோன்றவில்லை.

ஏணி கேட்டு மூன்று மனு கொடுத்திருக்கிறாள்: டிசம்பர், பிப்ரவரி, ஏப்ரல். மூன்றின் மீதும் 'உதவிப் பொறியாளர் ஆவன செய்க' என்று நான் எழுதியிருக்கிறேன். மூன்றின் கீழும் 'மதிப்பீடு தயாரிக்கப்படும்' என்று இளங்குமரன் எழுதியிருக்கிறார். கோப்பு நல்ல நிலையில் உள்ளது.

மெமோவுக்குப் பதிலாக எழுதிவந்த தாளில் 'ஏறாமல் தேதி எழுத மனம் வரவில்லை' என்றிருந்தது. மனம் பணி விதிகளில் வரையறுக்கப்படவில்லை.

"இருபதாம் தேதி சரியான தேதி இருக்கணும்மா. இல்லாட்டி அந்த எடத்துக்கு வேற ஆளப் பாக்கவேண்டி வரும்" என்றேன். மிரட்டவில்லை. நிர்வாக நிலையை விளக்கினேன். "நீங்க ஆபீசரு, சொன்னாச் சரிதான்" என்றாள்.

ஜூன் 20

143. நூறு விழுக்காடு. கலெக்டர் குழுவில் கட்டை விரல் போட்டார்.

ஜூன் 21

ஞாயிறு. ஆட்டுக்கறி. மனைவி செண்பகவல்லி, நான் ஓய்வு பெற்றபின் பகல் முழுவதும் வீட்டில் இருப்பேனா என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். யோசிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

ஜூன் 27

முள்ளியேந்தல் வடக்குக் குடியிருப்பில் பதினெட்டுப் பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். மாவட்டத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்: வயிற்றுப்போக்கு என்ற சொல் வேண்டாம், ஒவ்வாமை என்று போடுங்கள். போட்டேன்.

ஜூன் 28

ஒவ்வாமை நாற்பத்தொரு பேருக்கு. ராக்காயி என்ற மூதாட்டி காலையில் இறந்தாள். வயது 71 என்பதால் இது முதுமை என்றும் கொள்ளத்தக்கது என மருத்துவ அலுவலர் சொன்னார். பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறையிலும் பாய் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். கரும்பலகையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட ஆணி அடித்திருக்கிறார்கள். அரசுச் சொத்தில் ஆணி அடிக்க அனுமதி பெறவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 29

தீயணைப்பு வீரர்கள் தங்கள் ஏணியைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் ஏறினார்கள். மூடி எப்போதோ காற்றில் போயிருக்கிறது. உள்ளே முழங்கால் அளவு சேறு. புறாக்களை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார்கள். சாக்கில் கட்டும்போது ஒன்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணக்கூடிய நிலையில் அவை இல்லை.

கீழே தூணில் புதிய நீலப் பெயிண்டில்: சுத்தம் செய்த நாள் 20.6.

ஜூன் 30

நிவேதா, வயது ஆறு, ஒன்றாம் வகுப்பு. பிற்பகல் இரண்டு பத்துக்கு.

அவள் பெயர் பாதிக்கப்பட்டோர் பட்டியல், இறந்தோர் பட்டியல் இரண்டிலும் வந்திருந்தது. முதல் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஒன்று குறைந்தது.

நான் போனபோது அவளுடைய தாய் தொட்டித் தூணைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். எதிரே பூமயில் நின்றாள். சுற்றிலும் குடியிருப்பே நின்றது.

"இருபதுல கழுவுனேன்னு எழுதியிருக்கியேடி! அத நம்பித்தானடி குடுத்தேன்! நவம்பர்னு இருந்த வரைக்கும் நாங்க காச்சித்தானே குடிச்சோம்? ஏழு மாசம் வெறகு பொறுக்கிக் காச்சுனேனே! கழுவியாச்சுன்னு எழுதுனதப் பாத்துத்தானே அடுப்ப அணைச்சேன்!"

பூமயில் என்னைத்தான் பார்த்தாள்.

இதைக் கோப்பில் சேர்க்கவில்லை. இது புலம்பல், சாட்சியம் ஆகாது.

ஜூலை 1

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து உதவி இயக்குநர் 4ஆம் தேதி வருகிறார். காலையிலேயே கோப்பை வரவழைத்துச் சீர்செய்தேன். தேவையற்ற தாள்கள் சில இருந்தன. மாலையில் லூர்துமேரி கோப்போடு வந்து நின்றாள்.

"சார், பக்கம் நாப்பதுலருந்து நேரா நாப்பத்தாறுக்குப் போகுது."

"பக்க எண்ண மறுபடி போடுங்கம்மா."

"நாப்பத்தி ஒண்ணுல அந்தம்மா குடுத்த மனு இருந்துச்சு சார். நாப்பத்தி நாலுல நம்ம மெமோவோட ஆபீஸ் காப்பி."

"அப்படியா?"

"ஆமா சார். நான்தான டைப் அடிச்சேன்."

"ஒங்க பொண்ணு பன்னெண்டாவது இல்ல? இந்த நேரம் தூரமா மாத்துனாங்கன்னா கஷ்டம்மா."

அக்கறையோடுதான் கேட்டேன். அவள் ரப்பரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 2

முள்ளியேந்தல் போனேன். பூமயிலின் வீடு குடியிருப்பின் கடைசி. வாசலில் காய்ந்த சாணி எறியப்பட்டிருந்தது, அவள் வாரவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் ஓடிவந்தாள். நாற்காலி இல்லை என்று வெட்கப்பட்டு, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

"அய்யா, என்னயப் பாக்க ஆபீசரே வந்திருக்கீக. இங்க ஒருத்தரும் எங்கூடப் பேசுறதில்ல. கடையில சாமான் தரமாட்டேங்குறாக."

"அதுக்குத்தாம்மா வந்தேன். நாளன்னைக்கு விசாரணை. ஒனக்கு அனுப்புன மெமோ இருக்கா?"

தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். குடும்ப அட்டைக்குள் மடித்து வைத்திருந்தாள். மடிப்பு பிரியக்கூடாது என்று பின்னால் ஒட்டுக்காகிதம் ஒட்டியிருந்தாள்.

"இத என்கிட்ட குடு. கோப்புல சேத்துட்டா ஒன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சுரும்."

கொடுக்க நீட்டியவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். "தப்பா நெனைக்காதீக. வாங்கிக்கிட்டேன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தருவீகளாய்யா?"

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

பதறிப்போனாள். "அய்யய்யோ, அப்படியில்லங்கய்யா!" தாள் என் கையில் இருந்தது.

"காயிதம் போனா என்ன, அதுல போட்ட நம்பர் இருக்குல்ல? நம்பர் இருந்தா எந்த ஆபீஸ்லயும் எடுத்துப் பாத்துரலாம்" என்றேன்.

"நம்பரு மனப்பாடம்ங்கய்யா. அ3 சாய்கோடு 1187." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன் பற்களில் ஒன்று இல்லை. பழையதல்ல, உதட்டில் காயம் இருந்தது.

ஜூலை 4

விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது. பூமயில் மெமோ பற்றிச் சொன்னாள். உதவி இயக்குநர் கோப்பைப் புரட்டினார். பக்கங்கள் ஒன்று முதல் அறுபத்தொன்று வரை இடைவெளியின்றி இருந்தன.

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"அய்யாகிட்ட குடுத்தேன்ங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளை வருத்தத்தோடு பார்த்தேன். துயரத்தில் இருப்பவர்கள் பலதும் சொல்வார்கள் என்று உதவி இயக்குநரே சொன்னார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பேசவே இல்லை.

ஜூலை 7

அனுப்புகைப் பதிவேட்டில் எல்லாக் கடிதங்களின் எண்ணும் இருக்கும் என்று லூர்துமேரி காலையில் நினைவூட்டினாள். ஏன் நினைவூட்டினாள் என்று தெரியவில்லை.

பகல் பதினொன்றுக்கு என் கை பட்டுத் தேநீர் கொட்டிவிட்டது. பதிவேட்டின் ஜூன் 9 பக்கம் படிக்க முடியாமல் போனது. வருந்தத்தக்கது.

ஜூலை 9

பூமயிலை வேலையிலிருந்து நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டேன். காரணம்: பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் பொய்யான தேதி எழுதியமை. காவல் நிலையத்துக்குப் புகாரும் போயிற்று. இரண்டு நாள் வைத்திருந்து ஜாமீனில் விடுவார்கள் என்று ஆய்வாளர் சொன்னார்.

மலருக்கான குறிப்பு வளர்கிறது. 'எளியோரின் குறைகளை அவர்தம் இல்லம் தேடிச் சென்று கேட்டவர்' என்று சேர்த்தேன்.

ஜூலை 12

கலெக்டர் அலுவலகத்தில் என் கோப்பு நகர்கிறதாம். 'நிலுவையில் ஏதும் இல்லை' என்ற சான்று தட்டச்சில் இருக்கிறது. நான் சொன்னபடி செண்பகவல்லி சித்தி விநாயகருக்குத் தேங்காய் உடைத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

ஜூலை 16

முள்ளியேந்தல் தூணில் யாரோ ஏதோ எழுதியிருப்பதாகத் தகவல். போய்ப் பார்த்தேன்.

சுத்தம் செய்த நாள் 20.6. அதற்குக் கீழே, அதே நீலத்தில், ஒரு முழ உயர எழுத்தில்: அ3/1187.

வேறு ஒரு சொல்லும் இல்லை. பூமயில் தூணுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாள். கைகளில் பெயிண்ட் அப்பியிருந்தது. மறைக்க முயலவில்லை.

"என்னம்மா இது?"

"நம்பருங்கய்யா. நம்பர் இருந்தா எந்த ஆபீஸ்லயும் எடுத்துப் பாத்துரலாம்னு நீங்கதானே சொன்னீக. எந்த ஆபீசர் வந்தாலும் கண்ணுல படட்டும். ஒருத்தராச்சும் எடுத்துப் பாப்பாக."

வசையோ கிண்டலோ அதில் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். காவலுக்கு நின்ற ஏட்டு தடுத்தார். "தூணு கேஸ் ப்ராபர்ட்டி சார். அந்த நம்பரையும் சேத்துத்தான் மகஜர் எழுதியாச்சு. இனி ஜட்ஜய்யா சொல்லாம அழிக்கக் கூடாது."

"அது நேத்துத்தானய்யா எழுதுனது?"

"மகஜர்ல இருக்கே சார்" என்றார்.

ஜூலை 18

கலெக்டர் முள்ளியேந்தல் வந்தார். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய்விட்டு நேராகத் தொட்டிக்கு வந்தார். தூணின் முன் நின்றார். நாங்கள் ஏழு அலுவலர்கள் பின்னால் நின்றோம்.

"இது என்ன நம்பர்?"

இளங்குமரன் என்னைப் பார்த்தார். பிறகு, "தொட்டி எண் சார்" என்றார்.

"எல்லாத் தொட்டிக்கும் இருக்கா?"

"இங்க மட்டும்தான் சார். முன்னோடியா."

"நல்ல யோசனையா இருக்கே. அடையாளத்துக்கு ஈஸி. யாரோட ஐடியா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். "ரிட்டயர் ஆகுற நேரத்துலயும் யோசிக்கிறீங்க. எல்லாத் தொட்டியிலயும் எழுதச் சொல்லுங்க" என்று தோளில் தட்டினார்.

புளியமரத்தடியில் பூமயில் நின்றாள். அங்கிருந்து பேச்சு கேட்டிருக்காது. கலெக்டர் அந்த எண்ணை விரலால் சுட்டியதையும், தலையசைத்ததையும் மட்டும் பார்த்திருக்கிறாள். கார் நகர்ந்தபோது அதைப் பார்த்துக் கும்பிட்டாள். தூசி அடங்கும்வரை கையை இறக்கவில்லை.

ஜூலை 21

தொட்டிகளுக்கு எண் எழுதும் சுற்றறிக்கை. லூர்துமேரி வரைவு கொண்டுவந்தாள். இன்று கையெழுத்துக்கு வந்தவை முப்பத்தொன்பது. இது நடுவில் இருந்தது. ஒரு திருத்தமும் செய்யவில்லை. முள்ளியேந்தல் தூணின் படத்தை மாதிரியாக இணைத்திருந்தாள். 'இணைப்பில் உள்ளவாறே, எழுத்தோ எண்ணோ மாறாமல், மாதத்தில் 5, 20 ஆகிய நாட்களில் புதுப்பித்து எழுதவேண்டும்.' கச்சிதமான நடை.

ஜூலை 23

சுற்றறிக்கையின் நகலைக் கலெக்டர் அலுவலகம் கேட்டு வாங்கி மற்றப் பத்து ஒன்றியங்களுக்கும் அனுப்பிவிட்டதாம். என் பெயரில் தொடங்கிய ஒன்று மாவட்டம் முழுவதும் போவது இதுவே முதல் தடவை.

ஜூலை 28

சான்று கையெழுத்தாகிவிட்டது. நிலுவையில் ஏதும் இல்லை.

ஜூலை 31

ஐந்தே முக்கால். ஆறு. ஆறே கால். எந்த உறையும் வரவில்லை.

மாலைகள் இருபத்திரண்டு. பொன்னாடைகளை எண்ணவில்லை. கேடயத்தில் என் பெயரை 'பரமகுறு' என்று பொறித்திருந்தார்கள். இளங்குமரன் பேசினார், தொட்டிகளுக்கு எண் கண்ட தலைவர் என்றார். லூர்துமேரியைப் பேச அழைத்தார்கள். இருபது ஆண்டில் அவள் மேடையேறி நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியைத் தொடாமல் நின்று சொன்னாள்:

"சாரோட நம்பர் இந்த மாவட்டத்துல அழியாது."

அவ்வளவுதான். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆறரைக்கு ஜீப்பில் கிளம்பினோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. வேலங்கரைச் சந்தைத் தொட்டி: அ3/1187. பள்ளிவாசல் தொட்டி: அ3/1187. கருப்பட்டிக்குளம், ஆலம்பொட்டல், சத்திரப்பட்டி விலக்கு. எழுத்துகள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. சில இடத்தில் எழுதத் தெரியாதவர்கள் வரைந்திருந்தார்கள். எண் மாறவில்லை. மாதிரியில் இருந்ததை அப்படியே எழுதச் சொன்னால் நம் ஊழியர்கள் அப்படியே எழுதுவார்கள். இத்தனை ஆண்டு அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான்.

"எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா அப்புறம் எதுக்குங்க நம்பரு?" என்றாள் செண்பகவல்லி.

ஓட்டுநர் சிரித்தார்.

ஆகஸ்ட் 2

வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரை மூன்று தொட்டிகள். எங்கள் சாத்தனேரி வேறு ஒன்றியம். மூன்றும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4

லூர்துமேரி தொலைபேசியில் அழைத்தாள். அவளாக என்னை அழைத்தது இல்லை.

பூமயிலுக்காக ஒரு வக்கீல் தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டாராம். கடிதம் அ3/1187இன் நகல் வேண்டும் என்று. புதிய வட்டார வளர்ச்சி அலுவலர் இன்று பதில் அனுப்பிவிட்டாராம்: 'மனுதாரர் குறிப்பிடும் அ3/1187 என்பது மாவட்டத்தின் அனைத்துக் குடிநீர்த் தொட்டிகளுக்கும் வழங்கப்பட்ட பொது எண். அந்த எண்ணில் கடிதம் ஏதுமில்லை.'

"நான்தான் சார் டைப் அடிச்சேன்" என்றாள். "எல்லா எடத்துலயும் இருந்தா ஒருத்தராச்சும் ஏன்னு கேப்பாங்கன்னு நெனைச்சேன். எல்லா எடத்துலயும் இருக்கறதாலயே இப்ப ஒருத்தரும் கேக்கல."

"அந்தம்மா எங்க இருக்கு?"

"ஊர விட்டுப் போயிருச்சு சார். உப்பளத்துக்குன்னாங்க. கோர்ட்டுக்கு வாய்தா அன்னைக்கு மட்டும் வருது."

அவள் வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

ஆகஸ்ட் 5

காலை நடை. தெரு முனைத் தொட்டியடியில் ஆபரேட்டர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, போன தடவை எழுதியதன் மேல் புதுப் பெயிண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். பெயர் தெரியாது. பக்கத்தில் செங்கல் வைத்து அழுத்திய சுற்றறிக்கை. முதலில் தேதியை எழுதினார். 5.8. மேலே ஏறி இறங்கிய அடையாளம் எதுவும் அவரிடம் இல்லை, வேட்டி காய்ந்திருந்தது.

"பி.டி.ஓ.வா இருந்தவுகதானே நீங்க?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமா."

"நல்லதாப் போச்சு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். ஒரு எழுத்து மாறுனாலும் மெமோ குடுப்பேன்னு சொல்லியிருக்காக. இந்த நம்பரு சரியா இருக்கான்னு காயிதத்தப் பாத்துக் கொஞ்சம் வாசிங்க. நான் ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே வாரேன்."

சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். அடியில் என் கையெழுத்து இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

"அ" என்றேன். அவர் விரல் அந்த எழுத்தைத் தொட்டது.

"சரி."

"மூணு."

"சரி."

"சாய்கோடு. ஒண்ணு. ஒண்ணு."

"கொஞ்சம் சத்தமா. காது மந்தம்."

ஒரு பெண் குடத்தோடு வந்து குழாயடியில் நின்றாள். தூணில் தேதியைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள்.

"எட்டு" என்றேன். "ஏழு."

"அம்புட்டும் சரியா இருக்கா?"

குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. சரியாக இருக்கிறது என்றேன்.